அரியலூர் வெயிலை நம்பிக் கடலுக்குப் போனவர்கள்

இன்று காலை மருந்துக் கவுன்ட்டரில் நின்றிருந்தபோது போன் அதிர்ந்தது. கடலோரத்தில் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்று செய்தி. எதிரே சளி மாத்திரை வாங்க வந்த லாரி டிரைவர், சட்டையெல்லாம் சிமெண்ட் தூசியோடு, "என்னக்கா, ஏதும் அவசரமா?" என்றார். "இல்லப்பா, கடல்ல காத்தாம்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மாத்திரையோடு போய்விட்டார். அரியலூரில் நின்றுகொண்டு கடல் காற்றைப் பற்றிப் பேசுகிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்?

இந்தச் செய்தி வரும் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டவள் நீ. நீ போன பிறகும் அதிலிருந்து நான் விலகவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் போனை வைக்கிறேன்.

ஒரே ஆஸ்பத்திரியில் நீ லேபில், நான் மருந்துக் கவுன்ட்டரில். கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிறந்து, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் நீ. வந்த புதிதில் திருமழபாடியில் வெறும் மணலாகக் கிடந்த ஆற்றைக் காட்டி, "இதே ஆறுதான்டி எங்க ஊருக்கு வருது, அங்க பாத்தா உனக்கு அடையாளமே தெரியாது" என்றாய். கோடை விடுமுறை தோறும் ஆஸ்பத்திரிப் பெண்களை வேனில் ஏற்றி உன் பிறந்த ஊருக்குக் கூட்டிப்போவாய். மீன்சுருட்டியில் டீ, உன் அம்மா வீட்டில் சாப்பாடு, பிறகு படகில் முகத்துவாரம் வரை ஒரு சுற்று. கடலையே பார்க்காமல் வளர்ந்த எனக்கு அதைக் காட்டியது நீதான்.

போகிற நாளை முடிவு செய்ய நீ படுகிற பாட்டைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். ஒரு வாரத்துக்கு முந்தைய கணிப்பை நம்பவே மாட்டாய். முதல் நாள் சாயங்காலம் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்ப்பாய். அப்புறம் காற்று எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று வண்ண வண்ணமாகக் காட்டும் ஒரு படம். அப்புறம் அலை எவ்வளவு உயரம் என்று. கடைசியாகத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் உன் தம்பிக்குப் போன்: "படகெல்லாம் போயிருக்கா, திரும்பிடுச்சா?" காலையில் கிளம்பும் முன் இவ்வளவையும் மறுபடி ஒரு முறை. ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் படகு கிடையாது. கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வந்துவிடுவோம்.

"மழையப் பாக்காதடி, காத்தப் பாரு. மழை பேஞ்சா நனைவோம், அவ்ளோதான். காத்துதான் படக கவுக்கும்" என்பாய். அரியலூர்க்காரர்களுக்கு வானிலை என்றால் மழை வருமா வராதா என்பது மட்டும்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உன் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, உன் மச்சாண்டாருக்கு, இன்றுவரை அப்படித்தான். முதல் முறை உன் புகுந்த வீட்டார் எல்லோருமாகப் போவதாக அவர் வேன் பேசி வைத்திருந்தபோது, காற்று எச்சரிக்கை வந்திருக்கிறது என்று முந்தின நாள் நீ தடுத்தாய். மறுநாள் கடல் அசையாமல் கிடந்தது. "ஏன் சார் வரல, தட்டு மாதிரி கெடக்குதே" என்று படகுக்காரன் அவருக்குப் போன் போட்டுச் சொன்னான். அன்றிலிருந்து எந்த விசேஷத்தில் உன்னைக் கண்டாலும் அவர் எல்லோர் முன்னாலும் கேட்பார்: "என்ன, இன்னைக்கு வானிலை அறிக்கை வந்துருச்சா?" கூடமே சிரிக்கும். நீயும் சேர்ந்து சிரிப்பாய். உன் மகளின் காதுகுத்தில்கூட அப்படிச் சிரித்தாய். பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டேன்.

"காத்து வரலாம்னுதான் சொன்னாங்க, வரும்னு சொல்லல. வராமப் போனா நிம்மதிதானே படணும்?" என்று என்னிடம் மட்டும் கேட்டாய். அதை அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த முறை அவர் உன்னைக் கேட்கவே இல்லை. நாள் குறித்து, படகு பேசி முடித்த பிறகுதான் உனக்குச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் காற்று ஏறும் என்று அன்று காலையிலேயே உனக்குத் தெரிந்திருந்தது. போகிற வழியில் வேனிலேயே சொல்லியிருக்கிறாய். அவர் தன் போனை நீட்டிக் காட்டியிருக்கிறார். திரையில் பளிச்சென்று ஒரு சூரியன். "மாமா, அது அரியலூருக்குக் காட்டுது. கடலுக்கு இல்ல" என்றாயாம். "ரெண்டும் ஒரே வானம்தானம்மா" என்றாராம். வேனே சிரித்ததாம். உன் வீட்டுக்காரரும் சிரித்ததாகப் பின்னால் அவரே என்னிடம் அழுதுகொண்டே சொன்னார்.

கரையில் இறங்கியதும் எனக்குப் போன் செய்தாய். கிளம்பவே மத்தியானம் ஆகிவிட்டது என்றாய். உன் குரலுக்குப் பின்னால் காற்று இரைவது எனக்கே கேட்டது.

"ஏறாத" என்றேன். "தலைவலின்னு சொல்லிட்டு கரையில உக்காரு."

"எல்லாரும் என்னையே பாக்குறாங்கடி. போன தடவ மாதிரி ஆயிட்டா அப்புறம் அந்த வூட்ல நான் வாயே தொறக்க முடியாது. ஒரு சுத்துதான். போயிட்டு வரேன்."

முகத்துவாரத்தில் திரும்பும்போது படகின் பக்கவாட்டில் அலை அடித்தது. மிதவைச் சட்டைகள் பலகைக்கு அடியில் குவியலாகக் கிடந்தன. வேர்க்கிறது என்று யாரும் போட்டுக்கொள்ளவில்லை. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். கவிழ்ந்த படகுக்கு அடியில் நீ மாட்டிக்கொண்டது அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் நீந்தத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். போனதும் நீ ஒருத்திதான்.

உன்னைக் கொண்டுவந்து கிடத்தியிருந்த வீட்டில் உன் மச்சாண்டார் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன். "கடற்கரையில பொறந்தவ. அவளே ஏறுறான்னா பயமில்லன்னுதான நாங்க நெனச்சோம்? விதி." நீ சொன்னதை ஒருவரும் சொல்லவில்லை. நீ ஏறியதை மட்டும் எல்லோரும் சொன்னார்கள். வாயிருந்தும் ஊமையாக நான் உன் காலடியில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதே. எழுந்து சொன்னேன். "அவ வேணாம்னா. நீங்க சிரிச்சீங்க." பெண்கள் இரண்டு பேர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். துக்க வீட்டில் இப்படியா பேசுவது என்று திட்டினார்கள்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். அவ்வளவும் தெரிந்தவள், ஒரு மனிதரின் கேலிக்குப் பயந்து ஏறினாயே. கடலை அளக்கத் தெரிந்த உனக்கு, நாலு பேர் முகம் கோணினால் ஒன்றும் ஆகிவிடாது என்று தெரியாமல் போனதே.

பல வருஷம் கழித்து இந்தக் கோடையில் அவர் மறுபடி கிளம்பினார். அதே துறை, வேறு படகு. பிள்ளைகளுக்குப் பயம் தெளிய வேண்டுமாம். உன் மகள் இப்போது பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறாள். முதல் நாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "சித்தி, பெரியப்பா நாளைக்குக் கூப்பிடுறாரு. எச்சரிக்கை இருக்கான்னு பாத்து சொல்லுங்க."

நீ பார்த்த இடங்களிலெல்லாம் பார்த்தேன். உன் தம்பியிடமும் கேட்டேன். காற்று இருந்தது. அவளிடம் சொன்னேன், அவருக்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். "ஏம்மா, நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். கரை வரை போயிருக்கிறாள். எல்லோரும் ஏறியபோது, "நான் வரல" என்று நின்றுவிட்டாள். பெரியம்மா கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். யாரோ பயந்தாங்கொள்ளி என்றார்களாம். அவள் போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள்.

படகு ஒரு சேதமும் இல்லாமல் திரும்பிவிட்டது. சாரலில் நனைந்து சிரித்துக்கொண்டு இறங்கினார்களாம். பெரியப்பா வேன் ஜன்னலைத் தட்டி, "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல சித்தி. நான் சிரிக்கல, அவ்ளோதான்." ரசம் கேட்டுக் கையை நீட்டினாள்.

உன் மச்சாண்டார் இப்போது சர்க்கரை மாத்திரையை என் கவுன்ட்டரில் வாங்காமல் வெளிக் கடையில் வாங்குகிறார். என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடக்கிறார். நடக்கட்டும். அடுத்த கோடையிலும் காற்று இருந்தால் அவர் வீட்டு வாசலுக்கே போய் வேண்டாம் என்று சொல்வேன். அன்றைக்கு நீ படாமல் விட்ட கோபம் முழுதும் என்னிடம்தான் இருக்கிறது. குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.