சுண்டலோடு போன டப்பாக்கள்

துவாரகா, புது தில்லி
நவம்பர் 16

அன்புள்ள ஸ்ம்ருதிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம், காற்றைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டருக்குள் ஒரு பனியனும் போட்டுக்கொள். போனில் பேசினால் மீட்டிங் நடுவே அச்சா அச்சா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய்.

உன் கம்பெனி விஷயம்தான். ஓட்டல் சாப்பாடு பிளாஸ்டிக்கில் வராமல் எவர்சில்வர் டப்பாவில் வரும், சாப்பிட்டுவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் கழுவி மறுபடி அனுப்புவார்கள், வளரும் நாடுகளுக்கான சுழற்சிப் பொருளாதாரம் இதுதான் என்று ஆகஸ்டில் விளக்கினாய். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நமக்குச் சொல்லித்தர ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு கம்பெனியா என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை, பெண் வேலையை விட்டுவிட்டு இறங்கியிருக்கிறாளே என்று நம் அடுக்குமாடி சொசைட்டியில் கதவு கதவாகத் தட்டி எழுபது குடும்பங்களைச் சேர்த்தேன். காலி டப்பாவை வாங்கிவர நம் வீட்டில் வேலை செய்யும் ஆராயியைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான், அவள் வாங்கிவருவதை வாரம் ஒருமுறை உன் வண்டி வரும்வரை நம் வீட்டில் அடுக்கி வைத்ததும் நான்தான்.

போன மாதக் கடைசியில் உன் அறிக்கை வந்தது. நாலு வண்ணத்தில் வட்டம் போட்டு, இருநூறு டப்பாவில் அறுபத்து நான்கைக் காணவில்லை, சேகரிக்கும் கட்டத்தில்தான் கசிகிறது என்று எழுதியிருந்தாய். நீ யார் பெயரையும் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சேகரிப்பவள் ஆராயி என்று சொசைட்டிக்கே தெரியும். செக்ரட்டரி சுந்தரேஷ் அதைப் படித்த மறுநாளே அவளுடைய கேட் பாஸை ரத்து செய்துவிட்டார். உன் டப்பா வேலை மட்டுமா போயிற்று, இங்கே அவள் பாத்திரம் தேய்க்கும் ஆறு வீடும் போயிற்று. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிருவேம்மா, போற வீட்லெல்லாம் நாளைக்கு வா நாளைக்கு வான்னாங்க, நானும் நடந்து பாத்தேன் என்றாள். அவள் அழவில்லை, எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அதனால் முட்டி வலியோடு நானே படியேறினேன். மூன்றாம் மாடி ரோஹிணி வீட்டில் ஐந்து டப்பா இருந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால், மாமி, அது உங்க டப்பா இல்லையா, நவராத்திரிக்குச் சுண்டல் குடுத்தேளே, வெறுமே எப்படித் திருப்பறது, ஏதாவது பண்ணிப் போட்டுத் தரலாம்னு வெச்சிருக்கேன் என்றாள். நாலாம் மாடி வெங்கி வீட்டில் இருப்பது ரோஹிணி முறுக்குப் போட்டுக் கொடுத்ததாம், அதில் தேங்காய் பர்ஃபி வைத்துக் கொடுக்க அவர்கள் காத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாடி மிஸஸ் மல்ஹோத்ராவும், காலி டப்பா கைஸே தூம் ஜி, வெறும் டப்பாவை எப்படிக் கொடுப்பது என்று, நம் தட்டை மாதிரி மட்ரி பொரித்து நிரப்பிக்கொண்டிருந்தாள். அடியில் 117 என்று எண் வெட்டிய டப்பா ஒன்று சுண்டலோடு போய், லட்டோடு வேறு வீடு போய், முறுக்கோடு இன்னொரு வீடு போய், மட்ரியோடு என் கைக்கே திரும்பியிருக்கிறது. உன் ஆப்பில் அது அக்டோபர் முதல் வாரமே தொலைந்துவிட்டது. இதற்குமேல் ஒரு டப்பா எப்படிச் சுழல வேண்டும் என்று உன் முதலீட்டாளர்களைத்தான் கேட்க வேண்டும்.

யார் யாருக்குக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பின்னால் கேட்டுக்கொண்டே போனால் எல்லாம் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. பளபளவென்று அடுக்கியிருக்கிறதே என்று ஒன்பது நாளும் உன் டப்பாவில் சுண்டல் போட்டு மாடி மாடியாகக் கொடுத்தவள் நான். கொடுத்ததோடு மறந்தும் போனேன். சேகரிக்கும் கட்டத்தில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம், ஸ்ம்ருதி, என்னைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சுந்தரேஷிடம் போய்ச் சொன்னேன். ஆன்ட்டி, நீங்க வாயால சொல்றீங்க, அது கம்பெனி ரிப்போர்ட், கம்பெனியே எழுதித் தரட்டும் என்கிறார். அமைச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் கோப்பு எழுதியவளுக்கே பாடம். ஆனாலும் அது மட்டும் சரி, எழுத்தில் வந்ததை எழுத்தில்தான் எடுக்க முடியும். அடுத்த வாரம் முதலீட்டாளர்கள் வரும் சமயத்தில் அறிக்கை தப்பென்று எப்படி எழுதுவது என்பாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, நீ தோற்பதைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசையா. இருந்தாலும் எழுது. யாரால் கசிந்தது என்று கேட்டால் என் பெயரைப் போடு, ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர், நிறுவனரின் தாயார் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் காபியில் ஓட்டாதே. மலை மந்திர் முருகன் கோவிலில் உன் பெயருக்கும் ஆராயி பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். நீ தீர்க்காயுசோடு, தொழிலில் நல்ல பெயர் எடுத்து நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அறுபத்து நான்கையும் வாங்கி, நானே தேய்த்து, பால்கனியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நேற்று உன் ஆட்கள் வண்டியோடு வந்து கேட்டார்கள், கொடுக்கவில்லை. ஆராயி கேட்டுக்குள் வந்து கேட்டால்தான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் டப்பாக்களைத் தொலைத்த அம்மா
விசாலாக்ஷி