முப்பத்தொரு எலி மண்டை

அன்பு மகன் கதிருக்கு, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மதிவதனியும் சுகமாக இருக்கிறோம், கனடாவில், கால்கரியில் நீயும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் உன் அம்மா எனக்குப் பேச இடம் கொடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் தங்கை பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தாள் அல்லவா, கோயமுத்தூர் மியூசியத்தில் கோடை அறிவியல் வகுப்பு என்று கேள்விப்பட்டுச் சேர்த்துவிட்டேன். எழுத்து வேலை கிடையாது, எல்லாம் கையால் செய்து பார்ப்பதுதான். முதல் நாள் பாம்புச் சட்டையைத் தடவிப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் ஆளுக்கொரு இடுக்கியும் ஆந்தை கக்கிய உருண்டை ஒன்றும் கொடுத்தார்களாம். ஆந்தை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் முடியையும் உருட்டிக் கக்கிவிடுமாம். இவள் அதைப் பிரித்து, எலும்பையெல்லாம் கறுப்பு அட்டையில் முழு எலியாக ஒட்டிக் கொண்டுவந்து சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உன் அம்மா அன்று சாப்பிடவில்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இது மாதிரி எங்க பட்டறைப் பரண்ல நெறையக் கெடக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டேன். மோட்டார் வைண்டிங் பட்டறையில் ஓட்டுக்கடியில் ஒரு ஆந்தை ஜோடி குஞ்சு பொரித்திருந்தது. ஆந்தை இருந்தால் தொழிலுக்கு ஆகாது, திங்கட்கிழமை கூட்டைக் கலைத்துவிடு என்று முதலாளி சுந்தரராஜுலு என்னிடம்தான் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பேச்சை நான் தட்டியதில்லை. அதையும் சொன்னேன். "குஞ்சுங்க என்னாகுமுங்கப்பா?" என்று கேட்டாள். அப்புறம் பரணில் கிடக்கிற உருண்டைகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னாள்.

பரணிலிருந்து உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளும் நானும் உட்கார்ந்து பிரித்து, கிடைத்த எலி மண்டைகளையெல்லாம் ஒரு அட்டையில் ஒட்டினோம். மறுநாள் அட்டையைத் தூக்கிக்கொண்டு என்னோடு பட்டறைக்கே வந்துவிட்டாள். நேரே ஆபீஸ் அறைக்குப் போய், "உங்க வயரைக் கடிக்கிற எலிங்க மண்டை இதுல முப்பத்தொண்ணு இருக்குதுங்க, எண்ணிப் பாருங்க" என்று மேசைமேல் வைத்தாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். எலி வயரைக் கடித்ததால் போன மாதம் நாலு மோட்டாருக்குத் திரும்பக் கம்பி சுற்றினோம், அது ஞாபகம் வந்திருக்கும். "ஏன் அம்மணி, இத்தனையும் அந்தச் சோடி தின்னதா?" என்றார். குஞ்சு பறக்கிற வரைக்கும் பரண் பக்கம் யாரும் போகக் கூடாது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, அவளை உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. மூலையில் கிடந்த இன்னொரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, "நீங்களும் உக்காருங்கப்பா, இதுல பாதி நீங்க பிரிச்சதுதானுங்க" என்றாள். அந்த அறையில் நான் நின்றுதான் பழக்கம் கதிர். எப்போதும் வாப்பா போப்பா என்கிற முதலாளி, "உக்காருங்க ராசப்பன்" என்றார். உட்கார்ந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், பல் வலியைத் தள்ளிப்போடாதே. நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ எங்கள் இருவருடைய ஆசிகள். மறக்காமல் நல்ல பூதக்கண்ணாடி இரண்டு வாங்கி அனுப்பு, ஒன்று எனக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா
ராசப்பன்