பிளஸ் எந்தப் பக்கம்?

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் சுகம். வண்டிதான் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள், சின்னவளுக்கு இருமல் விட்டதா என்று மறக்காமல் எழுது. போன் இருக்கும்போது அப்பா எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். உங்கம்மா போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள், நான் தனியாகப் பேச எடுத்தாலும் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் நீ அனுப்பிய பெட்டிக்கு நன்றி. அப்பா மேல் எவ்வளவு அக்கறை என்று உச்சி குளிர்ந்துபோனேன். போன கோடையில் சிக்னலில் நின்றுகொண்டிருந்த வண்டியில் கொஞ்சம் கண் இருட்டி ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துவிட்டேன், அவ்வளவுதான் நடந்தது. அதற்கு நீ அங்கிருந்து அழுது, வண்டியை வித்துடுங்க, இல்லேன்னா ஏசி போடுங்கன்னு உத்தரவு போட்டாய். நாற்பத்தொரு வருஷமாக அந்த வண்டியில் ஏசி இருந்தது அம்மாடி, ஜன்னல் என்று அதற்குப் பேர். மேல்மூடி கான்வாஸ், மடித்துப் பின்னால் தள்ளினால் ஊர்க்காற்று முழுக்க நமக்குத்தான். பந்தயத்துக்கென்று பிறந்த ரெண்டு சீட் வண்டியில் போய் ஏசி போடுவது, ஓட்டப்பந்தயக்காரனுக்குக் கம்பளி போர்த்திவிடுவது மாதிரி. ஆனால் பெற்ற மகள் சொன்னால் அப்பீல் உண்டா. மூணு மாசம் கழித்து வீட்டு வாசலில் ஏசி சாமானோடு பெட்டி வந்து இறங்கியது. கையெழுத்துப் போட்டு வாங்கினவன் நான். திறந்தது, அளந்தது, முடிவெடுத்தது எல்லாம் உங்கம்மா.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருஷம் கோல்ட் ஸ்டோரேஜில் மெஷின்களோடு குடித்தனம் நடத்தியவள், ரிட்டயர் ஆகி ஆறு மாசமாக ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவை எண்ணிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பிரித்ததும் பார்க்க வேண்டுமே, இருபது வயசு குறைந்துபோனாள். பரணிலிருந்து நீலக் கோட்டு இறங்கியது, பிரஷர் பார்க்கும் கேஜ் இறங்கியது, வாக்குவம் பம்ப் இறங்கியது. கம்ப்ரஸரைக் கையில் தூக்கி, எஞ்சினோட பெல்ட்டே வேண்டாமாம், கரண்ட்லயே ஓடுமாம், எவ்வளவு சின்னதா பண்ணியிருக்கான் பாருங்கன்னு பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் காட்டினாள். நீ பிறந்தபோதுகூட அவ்வளவு சந்தோஷமாகக் காட்டவில்லை, வருத்தப்படாதே. வண்டிக்கு அவள் வைத்திருக்கும் பேர் உனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் வந்துவிட்டதால் 'மூத்தவள்' என்பாள். இத்தனை வருஷமாக மூத்தவளைத் திரும்பிப் பார்க்காதவள், இந்த ஒரு மாசமாகக் காலையில் எழுந்ததும் நேரே ஷெட்டுக்குத்தான் போனாள். எனக்குக் காபிகூட ஷெட்டில்தான்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதை மட்டும் நான் சொல்லியே ஆகவேண்டும். ஐந்து பாஷையில் அச்சடித்த கையேட்டைக் கேட்டாள். வீடியோவில் உன்னைக் கேட்டாள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் நடை பழகப் போகிற வழியில் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தால், சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் காற்று போதுமா என்று அந்த மனுஷனைக்கூடக் கேட்டாள். அவரும் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து, போதும் என்றார். நாற்பத்தொரு வருஷம் அதை ஓட்டி, துடைத்து, நட்டு நட்டாகக் கழற்றி மாட்டினவன் பக்கத்தில் குத்துக்கல் மாதிரி நிற்கிறேன். எனக்குக் கிடைத்த உத்தியோகம் துணி எடுத்துக் கொடுப்பது. கொடுத்தேன். நான் அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தினவன்தானே, எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்டேன். வண்டியில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது என்றேன். முடியாது என்பாள், அத்தோடு கதை முடியும் என்று நினைத்துத்தான் கேட்டேன், உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்தாள். பழைய போல்ட் இருக்கும் இடமாகத் தேடித் தேடிக் கணக்குப் பண்ணி, பத்து நாள் உட்கார்ந்து தகட்டை வளைத்துக் கிளாம்ப் செய்தாள். டாஷ்போர்டுக்கு அடியில் காற்று வரும் பெட்டி, முன்னால் கண்டென்சர், பக்கவாட்டில் கம்ப்ரஸர், நடுவில் ஓடும் குழாய், எல்லாம் உட்கார்ந்தாயிற்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்து பார்த்தேன், பிழை பிடிக்கிற கண் அல்லவா. ஒரு ஓட்டை இல்லை. ஒரு கீறல் இல்லை. நல்லாயிருக்கு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம். எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும், பிளஸ் தனியாக வயரில் வரும். நம்ம மூத்தவளுக்குத் தலைகீழ். பிளஸ்தான் பாடியில், வயரில் வருவது மைனஸ். அந்தக் காலத்தில் சில வண்டிகள் அப்படித்தான் வந்தன. பேட்டரி இருப்பதோ சீட்டுக்குப் பின்னால் பலகைக்கு அடியில், என் பழைய பையும் போர்வையும் அதன் மேல். உங்கம்மாவுக்கு அதைத் திறந்து பார்க்கவேண்டிய தேவையே வரவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை எடுத்துவிட்டுப் பெரிய ஆல்டர்னேட்டர் போடுவது கடைசி வேலை, முதலில் பேட்டரியிலேயே ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சொல்லி, ஸ்டார்ட்டருக்குப் போகும் தடி வயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப்பை வைத்தாள். எரிந்தது. லேம்ப்புக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, எரியத்தான் செய்யும். அவள் முப்பது வருஷம் பார்த்ததெல்லாம் வீட்டுக்கு வரும் கரண்ட், அதில் பிளஸ் மைனஸ் என்கிற பேச்சே கிடையாது. சிவப்பு வயரைத் தடி வயரில் மாட்டினாள், கறுப்பைப் பாடியில் முடுக்கினாள். நான் துணியோடு பக்கத்தில் நிற்கிறேன். பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பிழை என் கண்ணெதிரே நடந்து போகிறது, பிடித்து நிறுத்த ஒரு நொடி போதும்.

அவளே திரும்பி, ஏங்க எல்லாம் சரிதானேன்னு கேட்டாள். ஒரு மாசத்தில் என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி அது. உங்கப்பா என்ன சொன்னார் தெரியுமா? உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு சொன்னார். ஸ்விட்சைப் போட்டாள். டப்பென்று ஒரு சத்தம், பிறகு கருகல் நாற்றம். ஃபியூஸும் போயிற்று, அதற்கு முன்னாலேயே கம்ப்ரஸரை ஓட்டும் கன்ட்ரோலர் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் அம்மாடி. ஒரு நிமிஷம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அவள் கத்துவாள், கையேட்டைத் திட்டுவாள், கடைசியில் என்னைக் கேட்பாள், நான் பெரிய மனசு பண்ணிச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கை ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை போச்சுங்க, ஆறு மாசத்துல கை போச்சுன்னு சொன்னாள். அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு டூலாக எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் கோல்ட் ஸ்டோரேஜில் அவள் இடத்துக்கு வந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டு, கேஜ், பம்ப் எல்லாத்தையும் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கப்பா, எனக்கு இனிமே வேண்டாம்னு சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு பேப்பர் படித்தேன். படித்தேன் என்றால், பேப்பர் முகத்துக்கு முன்னால் இருந்தது. நேற்றிலிருந்து நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கடகடவென்று சத்தம் போடுகிறது. சர்வீஸ் ஆள் யாரையாவது கூப்பிடுங்கன்னு என்னிடம் சொல்கிறாள். இந்த வீட்டு வாசப்படியை ஒரு சர்வீஸ் ஆள் மிதித்ததுண்டா, நீயே சொல்லு. ஆடிப்போய்விட்டேன்.

அதனால் உனக்கு ஒரு வேலை வைக்கலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நீ அந்தக் கம்பெனிக்காரனிடம் புது கன்ட்ரோலர் வாங்கி அனுப்ப வேண்டியது, பழசு செய்யும்போதே கெட்டுப்போயிருந்தது, உன் மேல் தப்பில்லை என்று அம்மாவிடம் போனில் சொல்லவேண்டியது. அழகான திட்டம். இந்த வரி வரைக்கும் எழுதிவிட்டுத்தான் யோசிக்கிறேன், புதுசையும் அவள் அதே ரெண்டு இடத்தில்தானே மாட்டுவாள். மறுபடி டப்புதான். பொய் சொல்லக்கூட வண்டியைப் பற்றிக் கொஞ்சம் அறிவு வேண்டும்போல் இருக்கிறது. சொல்லாமல் தப்பிக்க வழியே இல்லை. வழி இருந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்பதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு வாய்ச்சொல்கூடப் பேசாமல் முப்பது வருஷத்து வேலையை அவளே சந்தேகப்படும்படி பண்ணிவிட்டேன். அவள் கை போகவில்லை. நான்தான் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே திட்டம் ரத்து. கன்ட்ரோலர் மட்டும் அனுப்பு. பேட்டரியை நானே என் கையால் திருப்பிப் போட்டு, டைனமோக்காரனையும் வரவழைத்து, மூத்தவளை மற்ற வண்டிகளைப்போல் ஆக்கிவிடுகிறேன். பிறந்தபடியே இருக்கட்டும் என்று நாற்பத்தொரு வருஷம் காப்பாற்றியது போதும். சின்னவளுக்கு இருமல் இருக்கும்போது உங்கள் வீட்டு ஹீட்டரை முகத்துக்கு நேரே வைக்காதே, ராத்திரி தலைக்கு ஏதாவது கட்டிவிடு. மாப்பிள்ளை அலமாரி செய்கிறார் என்று போன தடவை பேசும்போது சொன்னாய். அது கோணலாக வருகிறது என்று உனக்குத் தெரிந்தால், அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடு. அப்பா மாதிரி மரியாதைக்காகக் காத்திருக்காதே.

இந்தக் கடிதத்தின் அடியில் உங்கம்மா நாலு வரி எழுத இடம் விட்டிருக்கிறேன். இடத்தை விட்டால் மேலே இருப்பதையும் படிப்பாள். படிக்கட்டும் என்றுதான் விடுகிறேன், நேரில் சொல்லும் தைரியம் உங்கப்பாவுக்கு இல்லை. இன்று வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனசு நிறைந்து நீண்ட நாள் இருக்கவேண்டும். கன்ட்ரோலரை மறக்காதே.

பிழை திருத்தத் தெரிந்தும் திருத்தாத,
உன் அப்பா

கண்ணு, அம்மா எழுதறேன். உங்கப்பா கடிதத்தை மேஜைல வச்சுட்டு, மேலே பேனாவையும் வச்சுட்டு வெளியே போயிட்டார். ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை கோபம் கண்ணை மறைச்சுது, ஒண்ணும் புரியல. அஞ்சு நாளா நான் கையைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கேன், இந்த மனுஷன் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். இதை நான் லேசுல விடப்போறதில்ல. மெக்கானிக்குக்குப் போன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லிட்டேன். நீ சாமானை அனுப்பு. இந்தத் தடவை பிளஸ் எந்தப் பக்கம்னு உங்கப்பா ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் வயரைத் தொடுவேன். சின்னவளுக்கு என் முத்தம். உங்கப்பா வாசல்ல வெயில்ல நிக்கிறார், குடைகூட எடுத்துக்கல. உள்ளே கூப்பிடணும். இன்னும் அஞ்சு நிமிஷம் போகட்டும்.
அம்மா