சூளையிலிருந்து நேராக வந்து வீடு பார்த்தவர்

19 ஜனவரி 2008, சனி

தை பிறந்துவிட்டதே என்று இன்று வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். மேலே மொட்டை மாடி, மேற்கே ஜன்னல். வீட்டுக்காரம்மாவே, "ஏசி மாட்டித் தரட்டுங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "எதுக்குங்க? வூடே ஜில்லுனு இருக்குது" என்று சொல்லிவிட்டார்.

பீங்கான் சூளையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு நேராக அங்கே வந்த மனுஷன். அவருக்கு எந்த வீடுதான் ஜில்லென்று இருக்காது? இதில் தை மாதப் பனி வேறு. சித்திரை வெயிலில் பகல் முழுக்க அங்கே வேகப்போவது நானும் கைக்குழந்தையும்.

திரும்பி வந்ததும் கேட்டேன். "சூளைகிட்ட நிக்கிற நானே ஏசி கேக்கல. வூட்ல இருக்கிற உனக்கென்ன?" என்கிறார்.

அவருக்காவது எட்டு மணி நேரத்தில் ஷிப்டு முடிந்துவிடும்.