ராசப்பனுக்கு நான் கூட்டிய இரண்டு வயது

ஐப்பசி 4, திங்கள்
விடாத மழை. நெல் விளையும் ஜில்லாவில் ரேஷன் அரிசிக்கு ஒரு மணி நேரம் வரிசை.

திரும்பினால் வீட்டில் மிராசுதாரின் வக்கீல். (மிராசுதார்: ஆட்சி மாறியதும் கரைவேட்டிக்கு மாறியவர். நிலம் கை மாறவில்லை.) மூன்று வருஷம் முன், கூலித் தகராறில் குடிசைகளைக் கொளுத்திய வழக்கு. கூலியாள் அந்தோணியின் மனைவி உள்ளேயே செத்தாள். வழக்கில் எதிரிகள்: மிராசுதார், அடியாட்கள், அவர்களோடு என் பழைய மாணவன் ராசப்பன். ஆறாம் வகுப்பிலிருந்து நிறுத்திக் கம்பு சுற்றப் பழக்கியிருந்தார்கள்.

"ரிஜிஸ்டர்படி அப்பவே பதினாறு தாண்டிடுச்சு. நெஜத்துல பதினாலுதானே, ஹெட்மாஸ்டர்? கோர்ட்ல சொல்லுங்க."

"உங்களுக்கு என்ன திடீர்னு உண்மை மேல ஆசை?"

"எல்லாம் நான் மட்டும்தான் செஞ்சேன்னு ஒத்துக்குவான். சின்னப் புள்ள, சீர்திருத்தப் பள்ளிக்குப் போவான். பெரியவங்க வீட்டுக்குப் போவாங்க."

ஒளிவுமறைவில்லாத மனிதர். காபி கொடுத்தேன்.

5, செவ்வாய்
மழை. சளி.
வலது கை தலையைச் சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, பள்ளியில் சேர்க்கலாம். ராசப்பனுக்கு மூன்று வயது, எட்டவில்லை. எண்ணிக்கை குறைந்தால் ஒரு வாத்தியார் வேலை போகும். கையை நானே இழுத்துத் தொட வைத்தேன். பிறந்த நாள், எல்லாப் பிள்ளைகளுக்கும் போல, ஜூன் 1.

6, புதன்
சப்-ஜெயில். ராசப்பனுக்கு மீசை அரும்பியிருக்கிறது.
"வக்கீல் சொன்னபடி சொல்லப் போறியா?"
"அம்மா அவங்க வயல்லதான் நடவுக்குப் போவுது, சார்."
கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்தேன்.

7, வியாழன்
அந்தோணி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"வயசைக் கொறைக்கப் போறீங்களாமே. கொறைச்சுக்குங்க. உள்ள ஆளு இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க, சார்."
அதைத்தான் நேற்று கேட்கவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை.

8, வெள்ளி
கோர்ட். சொன்னேன்.
"அப்ப ரிஜிஸ்டர் பொய்யா?" என்றார் நீதிபதி.
"பொய். எழுதினது நான்."
வக்கீல் முகத்தில் தீபாவளி.

அடுத்து ராசப்பன். "நான்தான் வச்சேங்க. பந்தத்தைக் கொளுத்திக் கையில குடுத்தது, அதோ, அவங்க."
மிராசுதார் எழுந்துவிட்டார். "பச்சப் புள்ளைங்க! அவனுக்கு என்ன தெரியும்?"
உள்ளே ஆள் இருந்தது தெரியுமா என்று நீதிபதி கேட்டார். இல்லையென்று சொல்லும்படி வக்கீல் தலையசைத்தார். நானும் அசைத்தேனோ என்னவோ.
ராசப்பன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அந்தோணியைப் பார்த்து, "தெரியும்ணே" என்றான்.