பதினாலாம் நம்பர் கல்

1936 ஜனவரி 8, புதன்

ஸ்ரீரங்கம் வாழ் மகாஜனங்களுக்கு அறிவிப்பது யாதெனில்: இன்று காலை எட்டு மணிக்குக் காணாமற்போன ஆஸ்திரேலியா கண்டம், ஒன்பது மணிக்கு ஊஞ்சலுக்கு அடியில் கண்டெடுக்கப்பட்டது. குற்றவாளி, மேலே படுத்திருந்த பூனை. துப்புத் துலக்கிய மேதாவி, நாலாம் பாரம் படிக்கும் சடகோபன் — அதாவது நான்.

கண்டங்களை அட்டையில் வெட்டிக் கூடத்தில் பரப்பியிருப்பவர் அத்திம்பேர் சாரங்கபாணி. வேதா அக்காவின் அகத்துக்காரர். காலேஜில் பூகர்ப்ப சாஸ்திரத்துக்குத் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். "ஊட்டத்தூர் ஓடையில கிடைக்கற சிப்பி மடகாஸ்கர்லயும் கிடைக்கறதுடா. ரெண்டும் ஒரு காலத்துல ஒட்டிண்டிருந்தது" என்று அட்டையைச் சேர்த்துக் காட்டுவார். லால்குடிக்கு வடக்கே அப்போது கடலாம்! எனக்குக் காவேரியிலேயே நீந்த வராது. தாமதமாய்ப் பிறந்தேன், பிழைத்தேன்.

ஊட்டத்தூரில் பொறுக்கிய கற்களையும் கட்டுரையையும் கல்கத்தா பூகர்ப்ப இலாகா ஒப்புக்கொண்டால் அத்திம்பேருக்கு வேலை நிரந்தரம்.

ஜனவரி 11, சனி

ஒரு ரகசியம். அப்பா ஆராதனம் செய்யும் சாளக்கிராமமும் பழைய கடல் ஜீவன் கல்லானதுதானாம்! இமயமலை இருக்குமிடத்தில் கடல் இருந்த காலத்தது. "மாமனார் காதுல போட்டுடாதே" என்றார் அத்திம்பேர்.

ஊட்டத்தூர்க் கல்லில் பதினாலாம் நம்பர் அதே கறுப்பு, அதே உருண்டை. மாற்றி வைத்தால் அப்பாவுக்குத் தெரியுமா? "உடனே கண்டுபிடிச்சுடுவார்" என்றான் என் வகுப்பு சேஷு. பந்தயம் கட்டினேன். அப்பா கண்ணில்தான் புரை விழுந்திருக்கிறதே.

நல்லெண்ணெய் தடவி, அப்பா பெருமாளை வைக்கும் கோயிலாழ்வார் பெட்டியில் ஊட்டத்தூரை எழுந்தருளப் பண்ணியாயிற்று. பெருமாள், அத்திம்பேரின் கல் பெட்டியில், 14 என்று எழுதிய காகிதத்துக்குள்.

ஜனவரி 12, ஞாயிறு

வெற்றி! அப்பா கல்லுக்குத் திருமஞ்சனம் செய்து தீர்த்தம் கொடுத்தார். சிரிக்காமல் குடித்தேன். என்னைப்போல் எத்தன் ஏழு பிராகாரத்திலும் கிடையாது. நாளை மாற்றிவிடலாம்.

ஜனவரி 13, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அத்திம்பேரின் கல் பெட்டி இல்லை.

"நாளைக்குச் சங்கராந்தி, லீவாச்சே. மத்தியானமே ஆணி அடிச்சு ரயில்ல அனுப்பிட்டேன்டா" என்றார் அத்திம்பேர், சந்தோஷமாக.

பெருமாள் கல்கத்தா போய்க்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 14

அக்கா செய்த சர்க்கரைப் பொங்கலை ஊட்டத்தூர் ஓடைக் கல் அமுது செய்தது. என் பங்கைப் பூனைக்கு வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கல்கத்தாவிலிருந்து கடிதம் வந்தது. மற்றக் கற்களெல்லாம் சரியாம். பதினாலு மட்டும் இமயத்துக் கல், ஊட்டத்தூர்க் கடலைவிடப் பழைய கடலுடையது. எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறார்கள். வாங்கியதாம்!

"என் கையால பொறுக்கினேன் வேதா! ஓடைத் திருப்பத்துல, ஒத்தைப் பனைக்குப் பக்கத்துல. குறிப்புல வேற மாதிரி எழுதியிருக்கேன். கண்ணு ஏமாந்துடுத்தோ?"

 

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்! தலை நிமிர்ந்து, கணீரென்று. அத்திம்பேர் முதுகில் தட்டி, "நீதாண்டா ஆம்பிளை" என்றார்.

பிப்ரவரி 24

நேற்று எழுதினது நடக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். "என்னடா?" என்றார். "காபி வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

இன்றும் அத்திம்பேர் பஸ் ஏறி ஊட்டத்தூர் போனார், அதே மாதிரி இன்னொரு கல் தேட. வெயிலில் உதடு வெடித்துத் திரும்பினார். வந்தவர் அட்டைகளின் மேல் இமயக் கடலைக் கூடத்தின் வடகோடியிலிருந்து இழுத்துத் திருச்சி வரை நீல பென்சிலால் தீற்றினார். இடைஞ்சலாக இருந்த நிலத்தை வெட்டி ஒதுக்கினார். "இப்படி ஒரு கிளை வந்திருந்தா எல்லாம் சரியாப் போறதுடா!" இதையே கல்கத்தாவுக்கு எழுதியும் போட்டுவிட்டார்.

என் ஒரு திருட்டுக்காக மனுஷர் பூமியையே நகர்த்துகிறார். நான் எதைப் பிடித்து நிறுத்துவேன்?

மார்ச் 15, ஞாயிறு

பெட்டி திரும்பி வந்தது. 'ஏற்பதற்கில்லை' என்று ஒரு வரி.

அத்திம்பேர் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்த அப்பா குனிந்து ஒன்றைத் தடவினார். கட்டைவிரல் பழக்கமாய் அந்தச் சாளக்கிராமத்தின் வாய்த் துவாரத்துக்குள் போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளே, பெருமாள் எப்படி உங்க பெட்டியில? ரெண்டு மாசமா என் கைதான் மரத்துப்போச்சுன்னு நெனைச்சிண்டிருக்கேன். கண்ணோட கையும் போச்சுன்னு யார்கிட்ட சொல்றது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது: "பூனையா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. யாராவது ஓர் அறை வைத்திருக்கலாம்.

அப்புறம் அழுதேன், எல்லாம் சொன்னேன். "நானே கல்கத்தாவுக்கு எழுதறேன் அத்திம்பேர்" என்றேன்.

"எழுது. ஆனா யார் நம்புவா? மாட்டிண்டப்புறம் மச்சினன் தலையில போடறான்னுதான் நெனைப்பா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. முழந்தாளிட்டு, நீலம் தீற்றிய அட்டைகளை மெல்லப் பிரித்து அடுக்கினார். வேலை ஏப்ரலோடு முடிகிறது.

கடிதம் எழுதிவிட்டேன். ஆறு தப்பை அக்கா திருத்தினாள்.

எழுதுகிறபோதே இதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு ஆஸ்திரேலியாவையும் பூனை எடுக்கவில்லை.