பைய இளைத்தால் போதும்

சேரன்மகாதேவி,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் இசக்கிமுருகனுக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம் என்று எழுதினால் அது பாதிதான் சரி, நீ அங்கே உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு ஒழுங்காகச் சாப்பிட்டாய் என்று தெரிந்த பிறகுதான் மீதிப் பாதி வரும். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஆற்றில் புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது. விடியும்போது வயல் முழுக்கப் பனி இறங்கி, வாழைத்தோப்பு எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கிடக்கிறது. சத்துணவுக்கு அடுப்பு மூட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறபோது தூக்கத்துக்குள்ளேயே நடந்து போகிற மாதிரி இருக்கிறது எனக்கு. நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "நல்லாருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் ரசீத் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது பார்.

ரசீத் மேல் கோபப்படாதே. தங்கை ருக்சானா நிக்காஹுக்குப் பத்தமடைக்கு வந்தவன், கல்யாண வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு எங்களைப் பார்க்க வந்தான். அவன் உம்மா கொடுத்துவிட்ட பிரியாணித் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "சொல்லக்கூடாதுன்னுதான் அவன் சொன்னான். ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலம்மா, கண்ணு முன்னால காஞ்சி போவுதான்" என்றான். நெஞ்சு ஆபரேஷனுக்கு முன்னால் எடை குறைந்தால் மயக்கமருந்து கொடுக்கவும் நல்லது, புண்ணும் சீக்கிரம் ஆறும் என்று டாக்டர் சொன்னாராமே. மாதக்கணக்கில் பைய பைய இறக்கச் சொன்னதை நீ ஒரேயடியாக இறக்கப் பார்த்திருக்கிறாய். கடுங்காப்பியும் வெள்ளரிக்காயுமாக இருந்து, நெஞ்சை இறுக்கிக் கட்டிய கட்டோடு மைதானத்தைச் சுற்றி ஓடி, கடைசியில் கம்பெனி வாசலில் விழுந்து குளுக்கோஸ் ஏற்றும்படி ஆகியிருக்கிறது. இரத்தம் குறைந்து கிடக்கிறது, இந்த உடம்பில் இப்போது கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் தேதியைத் தள்ளி வைத்துவிட்டாராம். அன்றிலிருந்து வேலைக்குப் போகிறாய், வருகிறாய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாய் என்று சொல்லிவிட்டு ரசீத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அவன் இன்னொன்றும் சொன்னான், அதுதான் எனக்கு இத்தனை நாளாக மனசிலே சுற்றிக்கொண்டே இருக்கிறது. சின்ன வயதிலிருந்து நீ ஏன் அப்படிச் சாப்பிட்டாய் என்று அவன் கேட்டதற்கு, "உடம்பு மொத்தமா இருந்தா எந்த எடமும் தனியாத் தெரியாதுல்லா" என்று சொன்னாயாமே. பதின்மூன்று வயதுக்குப் பிறகு நீ ஆற்றுக்கே வரவில்லை. அப்பாவின் பழைய சட்டையைத்தான் போடுவாய், மூன்றாம் தடவை சோறு கேட்பாய், இந்த வயதில் நன்றாகப் பசிக்கிறது என்று நானும் சந்தோஷமாகப் போடுவேன். நான் அள்ளி வைத்த சோறெல்லாம் உனக்கு மேலே ஒரு போர்வை போலக் கிடந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அந்தச் சோற்றின் மேல் எனக்கு வருத்தமே வரவில்லை. இத்தனை வருஷம் உன்னைப் பத்திரமாக மூடி இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இனிமேல் போர்வை வேண்டாம் என்றால் மடித்து வைத்துக்கொள்ளலாம் கண்ணு, அதைப் பிய்த்து எறிகிறேன் என்று தோலையும் சேர்த்துப் பிய்க்காதே.

ரசீத் வந்து போன மறுநாள் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்தேன். மழை ஓட்டின் மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது, எப்போது கண் சொருகியது என்று தெரியவில்லை. நம் படித்துறை தெரிகிறது, ஆனால் அக்கரை இல்லை, தண்ணீர் வெள்ளையாகப் பனிக்குள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. நடு ஆற்றில் ஒரு ஆள் குளித்துக்கொண்டு நிற்கிறான். மேலே சட்டை இல்லை. இளைத்த உடம்பும் இல்லை, உன் இப்போதைய உடம்புதான், அகலமான தோள், கனத்த வயிறு, அப்பாவுக்கு இருக்கிற மாதிரியே கழுத்துக்குக் கீழே கறுத்த நிறம். தண்ணீர் அந்த உடம்புக்கு வழி விட்டு இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. கரையிலிருந்து யாரோ, "ஏலே, தண்ணி இழுக்கும், உள்ள போவாதலே" என்று கத்தினார்கள், நீ திரும்பிச் சிரித்தாய். யாருடைய சத்தம் என்று பார்த்தால் என் சத்தம்தான். அதிலேயே விழித்துவிட்டேன். உன்னை "ஏளா" என்று பெண் பிள்ளையாகக் கூப்பிட்டுப் பழகிய வாய் இது. நீ விவரத்தைச் சொன்ன நாளிலிருந்து அதுவும் வராமல் இதுவும் வராமல் கண்ணு என்றும் பிள்ளே என்றும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். கனவில் "ஏலே" எவ்வளவு சுளுவாக வந்துவிட்டது! ஆளில்லாத சமையலறையில் பைய இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். அங்கே இருந்த பூனை திரும்பிப் பார்த்தது.

அந்த வாரத்திலேயே எனக்குச் சர்க்கரை பார்க்கத் திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுக்கிற பிரேமலதா என்று ஒரு பெண், என்னுடைய சீட்டைப் பார்த்து முடித்ததும், "வேற ஏதும் கேக்கணுமாம்மா" என்றாள். என்னை அறியாமலே, "எனக்கில்ல, எம் மவனுக்குக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டேன். பிறகு மறைக்க ஒன்றும் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன், நீ ஆண் ஹார்மோன் ஊசி போடுவது, நெஞ்சைச் சமமாக்குகிற ஆபரேஷன், கடுங்காப்பி, கம்பெனி வாசலில் விழுந்தது எல்லாம். அவள் முகம் சுளிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள். "பட்டினி கெடந்தா கொழுப்பு மட்டும் கரையாதும்மா, சதையும் சேந்துல்லா கரையும், அப்புறம் புண்ணு எப்படி ஆறும்" என்று கேட்டாள். அந்த ஊசி போட ஆரம்பித்தால் வளர்கிற பையனுக்குப் பசிக்கிற மாதிரி பசிக்குமாம், அதோடு சண்டை போடக் கூடாதாம், வேளா வேளைக்கு முட்டையோ மீனோ பயறோ ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டுமாம், பாதித் தட்டுக்குக் காயும் கீரையும், சோறு மீதி இடத்தில். நெஞ்சைக் கட்டிக்கொண்டு ஓடவே கூடாது, மூச்சு முட்டி விலா எலும்பு நோகும் என்று கண்டித்துச் சொன்னாள். நடக்கும்போது, எடை தூக்கும்போது, தூங்கும்போது கட்டை அவிழ்த்துவிட வேண்டும், யாராவது பார்ப்பார்கள் என்று இருந்தால் அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்யலாமாம். ஊசி மருந்தை நீயாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, இரத்தப் பரிசோதனையை விடக் கூடாது, எல்லாவற்றையும் உன் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றாள். சதை வைக்க வைக்க எடை மிஷினில் முள் நகராமல் நிற்குமாம், அதைப் பார்த்து மனசை விடாதே. ஊசி போட்டால் வளர்கிற பையன் பசி என்று அவள் சொன்னதை நினைத்து பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயதில் எனக்கு ஒரு வளர்கிற பையன்.

சிரிப்பு வந்ததே தவிர அந்த பஸ் பயணம் சுலபமாக இல்லை. நம் தெரு முப்பிடாதி அக்காவும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள், எனக்குப் பின்னால் பெஞ்சில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏளா சுந்தரி, மவன் மவன்னு சொல்லுதியே, ஒத்தப் பொட்டப்பிள்ளையத்தான பெத்த, ஒனக்கு ஏதுளா மவன்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "நான் பெத்தது ஒண்ணே ஒண்ணுதாங்க்கா, அது இவன்தான். நம்ம எல்லாருக்கும் முந்தி அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, நமக்கு இப்பதான் தெரியுது" என்றேன். ஜன்னலுக்கு வெளியே ஈர வயலும் தென்னையும் கலங்கலாக ஓடிக்கொண்டே இருந்தன, நான் அழுகிறேனா மழையா என்று எனக்கே தெரியவில்லை. ஊர் வந்து இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு ரத்தம் கொறைஞ்சி போச்சின்னு சொன்னேல்லா? எங்க வீட்டு முருங்கையில கொழுந்து நிக்கி, வந்து ஒடிச்சிக்கோ, காயவச்சிப் பொடிச்சி அனுப்பு" என்றாள். ரசீத் கொண்டுவருகிற டப்பாவில் இருப்பது அந்தப் பொடிதான். சோற்றிலே போட்டுச் சாப்பிடு, கசக்காது.

முப்பிடாதி அக்காவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரிதான், உனக்குத் தெரியாததா. வாழை லோடு ஏற்றிவிட்டு அப்பா டீ குடிக்கப் போன இடத்தில் யாரோ, "என்னவே கைலாசம், ஒமக்கு மவன் இருக்கானாமே?" என்று இழுத்தார்களாம். இந்த இரண்டு வருஷமாக அப்பா உன்னைப் பற்றிப் பேசும்போது அவனும் சொல்லமாட்டார் அவளும் சொல்லமாட்டார், பிள்ளை சாப்பிட்டதா, பிள்ளை பேசியதா என்றுதான் கேட்பார் என்பது உனக்கே தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் தோளில் கிடந்த துண்டைக்கூட எடுக்காமல் அடுப்படி வாசலில் நின்றார். "ஆமாவே, புனேயில வேல பாக்கான்னு சொல்லிட்டேன்" என்றார். நான் கரண்டியோடு திரும்பினேன். "பாக்கான்னுதான் சொன்னேன்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்து சாப்பிட்டார், சாப்பிடும்போது, நீ குலதெய்வம் இசக்கியை விடாமல் முருகனைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்டது நல்ல காரியம்தான் என்றார். டீக்கடையில் யாராவது சிரித்தார்களா என்று நான் கேட்கவில்லை. சிரித்திருப்பார்கள். அவர் மறுநாளும் அதே கடைக்குத்தான் போனார்.

தேதி தள்ளிப்போனதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. தையில் முடியாவிட்டால் பங்குனி, பங்குனியில் டாக்டர் வேண்டாம் என்றால் ஆடி, உடம்பு எப்போது சம்மதிக்கிறதோ அப்போது. நான் இங்கே தினமும் விடியற்காலம் வாய்க்கால் கரையில் நடக்கிறேன், என் சர்க்கரைக்காகத்தான், ஆனால் உனக்கும் சேர்த்து நடக்கிற மாதிரி ஒரு நினைப்பு. பனிக்குள்ளே அடுத்த அடி எங்கே என்று தெரியாது, அது பாட்டுக்குக் கால் போகும், திரும்பிப் பார்த்தால் பாலம் வந்திருக்கும். நீயும் ரசீத்தைக் கூட்டிக்கொண்டு ஷிஃப்டுக்கு முன்னால் நட. அறையில் தனியாகச் சமைக்க அலுப்பாக இருந்தால் பயறாவது முளைகட்டி வை. உன்னை இளைத்த உடம்பாக ஒருநாள் பார்ப்பேன், இப்படியே பார்த்தாலும் பார்ப்பேன், வெறும் எலும்பாக மட்டும் பார்க்க வைத்துவிடாதே. ஆஸ்பத்திரியில் வீட்டு ஆள் என்று ரசீத்தின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாயாம். அவனும் இருக்கட்டும், அவனும் நம் பிள்ளைதான், ஆனால் நாங்கள் இருவரும் வருகிறோம்.

இசக்கியம்மன் உன் கூடவே நிற்பாள். உன் இரத்தம் ஊறட்டும், உன் மூச்சு தாராளமாகப் போய் வரட்டும், நீ நினைத்தபடி நீ ஆகி நூறு வயது வாழ வேண்டும். போனை எடு. சாப்பிடாமல் ஷிஃப்டுக்குப் போகாதே. இன்னொரு விஷயத்தை அப்பா மறக்காமல் எழுதச் சொன்னார். உன்னை ஆண்கள் வார்டில்தான் படுக்க வைப்பார்கள், அங்கே இரவில் பெண்களைத் தங்க விட மாட்டார்கள் என்று, ஊருக்குக் கிளம்புமுன் சொல்லிக்கொண்டு போக நேற்று மறுபடி வந்த ரசீத் சொன்னான். நான் பதறிப்போய், அப்படியானால் பிள்ளைக்கு யார் துணை என்று கேட்டேன். அப்பா இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்து, "ஆம்பளைங்க வார்டுன்னா நான்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, புனேயில் குளிர் எப்படி இருக்கும், விரித்துப் படுக்கப் பாய் கொண்டுவர வேண்டுமா என்று ரசீத்திடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பாய் வேண்டுமா என்பதற்கு மட்டும் பதில் எழுது.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா
சண்முகசுந்தரி